கிணற்றடிக் கோயிலின் அந்தோனியார்

கஸ்பர் அண்ணையைக் கள்ளன் என்று முதலில் சொன்னது நான் இல்லை. சொன்னது வெம்பிளி கிறிஸ்துராஜா. ஆனால் அவர் சொன்னபோது என்னாலும் மறுத்துப் பேச முடியவில்லை. எதை வைத்து மறுப்பது? கோயில் சாவி கஸ்பர் அண்ணையிடம் இருந்தது. அந்தோனியார் சுரூபம் கோயிலுக்குள் இருந்தது. கோயிலை விற்று நாங்கள் வெளிக்கிட்ட அன்று சாவி பத்திரமாக இருந்தது, அந்தோனியாரைக் காணவில்லை. இடுப்பளவு உயரச் சுரூபம் தானாக எழும்பிப் பஸ் ஏறிப் போகுமா?

நான் டொலறஸ். லண்டன் நோர்பரியில் ஒரு பள்ளிக்கூடக் குசினியில் வேலை செய்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், வாய் நீளாத ஆட்கள் செய்கிற வேலையும் எனக்குத் தெரியும். கஸ்பர் அண்ணையின் மனைவி கிளறிற்றாவும் நானும் மன்னாரில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அந்த உரிமையில்தான் அவரைப் பற்றி இவ்வளவும் சொல்கிறேன்.

மன்னாரில் அவர் கடல் தொழில் செய்தவர். லண்டனுக்கு வந்த பிறகு பஸ் கராஜில் பஸ் கழுவுகிற வேலை. நெடுத்த, காய்ந்த மனுசன். எதைக் கேட்டாலும் ஓம், இல்லை, அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல்லை எடுக்க வேண்டுமென்றால் குறடு கொண்டு போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் அந்த மனுசனுக்கு வேறு உயிர் வந்துவிடும். எல்லாருக்கும் முன்னம் போய்க் கோயிலைத் திறந்து, ஹீட்டரைப் போட்டு, மெழுகுதிரி ஏற்றி, அந்தோனியாரின் காலடியில் பூவை மாற்றி வைத்துவிட்டு, பூசை முடியும் மட்டும் கடைசி வரிசையில் நிற்பார். யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை. அவராகச் செய்தார், நாங்களும் விட்டுவிட்டோம்.

கோயிலின் கதையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. நோர்பரிக்கும் ஸ்ட்ரெத்தமுக்கும் நடுவில், மேட்டில் இருக்கிறது அது. வாசல் கம்பியில் ஒரு பலகை தொங்கும். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் ஸ்பா ஊராம். நிலத்திலிருந்து கைப்புத் தண்ணீர் ஊறியதாம். பெரிய இடத்து ஆட்கள் குதிரை வண்டியில் வந்து, இங்கே தங்கி, காலையில் அந்தத் தண்ணீரைக் குடித்து வயிற்றைக் கழுவி, பின்னேரம் நடனம் ஆடுவார்களாம். பேதிக்குக் குடித்துவிட்டு நடனம் ஆடுகிற சனம் எப்படிப்பட்ட சனமோ! பிறகு ரெயில் வந்தது, ஆட்கள் கடற்கரைப் பக்கம் போகத் தொடங்கினார்கள், கிணற்றை மூடினார்கள். அதன் மேல் யாரோ ஒரு சிறிய கோயிலைக் கட்டினார்கள். அது கைமாறிக் கைமாறி, ஒரு பள்ளிக்கூடமாக இருந்து, கடைசியில் கத்தோலிக்கரிடம் வந்தது. தொண்ணூறுகளில் தமிழ்ப் பூசைக்கு எங்களிடம் தந்தார்கள், லண்டனின் நாலு பக்கத்திலிருந்தும் எங்கள் ஆட்கள் வந்தார்கள். பீடத்தடிப் பலகையைத் தூக்கினால் கிணற்றின் இரும்பு மூடி இப்போதும் கிடக்கிறது என்று முதல் வருசமே கேள்விப்பட்டோம். அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்கு அது கிணற்றடிக் கோயில்.

கொரோனாவுக்குப் பிறகு கூரை ஒழுகத் தொடங்கியது. திருத்துவதை விட விற்பது மேல் என்று மேலிடம் முடிவெடுத்தது. கடைசிக் கூட்டத்தில் கோயில் போகிறதே என்று அழுதவர்கள் குறைவு. அந்தோனியார் யாருக்கு என்றுதான் சண்டை. வெம்பிளிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் கிறிஸ்துராஜா. அவர்தான் அப்போதும் இப்போதும் எங்கள் சங்கத் தலைவர். பிளேஸ்டோக்காரர் தங்களுக்கு என்றார்கள். நோர்பரிக்காரர் நாங்கள் விடுவோமா? “மூண்டாய் அறுத்துக் குடுங்கோவன்” என்று நான் எழும்பிக் கத்தினேன். கஸ்பர் அண்ணை கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த கிழமை சாமான்களை ஏற்ற லொறி வந்தபோது சுரூபம் நின்ற இடத்தில் தூசி வட்டம் மட்டும் இருந்தது.

அந்தக் கோயிலை வாங்கியவர்கள் ருமேனியர்கள், ஓர்த்தடொக்ஸ்காரர். அதற்கு முன்னம் அவர்கள் ஒரு டயர்க் கடையின் மேல்மாடியில் கும்பிட்டவர்களாம். காலையில் படங்களை வானில் கொண்டுவந்து சுவரில் கொழுவி, மத்தியானம் கழற்றிக்கொண்டு போவார்களாம். சரி, பாவங்கள்தான். ஆனால் வந்து சில மாதங்களுக்குள் அவர்கள் செய்த வேலையைப் பார்க்க வேண்டும். வாங்குகளைத் தூக்கி வெளியே போட்டார்கள். கம்பளம் விரித்தார்கள். பீடத்துக்கு முன்னால் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரு மரச்சுவர் எழும்பியது. சுவர் முழுக்கப் புனிதர்களின் படம், நடுவில் கதவு, கதவுக்கு ஒரு திரை. அந்தப் பக்கம் குருவானவர் போகலாம், அவர் கூப்பிட்ட ஆம்பிளைகள் போகலாம், வேறு ஒருத்தரும் போக ஏலாது. எங்கள் பீடம் எல்லாரும் பார்க்கத் திறந்த வெளியில் இருக்கும். மறைக்க ஒன்றும் இல்லாதவன் எதற்கு அப்பா திரை போடுகிறான்?

இதற்கெல்லாம் மேலாக ஒன்று நடந்தது. கஸ்பர் அண்ணை அவர்களிடமே துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார்.

“பாத்தியளோ? சுரூபத்தை வாங்கினவன் வித்தவனுக்கு வேலை குடுத்திருக்கிறான்” என்றார் கிறிஸ்துராஜா. பிறகு யாரோ கஸ்பர் அண்ணை சிலுவை அடையாளம் போடுவதைக் கண்டுவிட்டு வந்து சொன்னார்கள், வலது தோளை முதலில் தொட்டு இடது தோளுக்குப் போகிறாராம், அவர்களைப் போல. நாங்கள் இடதிலிருந்து வலது. வேதமும் மாறிவிட்டான், சுரூபத்தையும் விற்றுவிட்டான் என்று கதை லண்டன் முழுக்க ஓடியது. இப்போது எங்கள் பூசை வேறொரு பங்கின் மண்டபத்தில் நடக்கிறது. அங்கே அவரை வர வேண்டாம் என்று ஒருத்தரும் வாய் திறந்து சொல்லவில்லை. அவர் வந்து இருந்ததும் பக்கத்துக் கதிரைக்காரர் எழும்பி வேறு கதிரைக்குப் போனார்கள். இரண்டு ஞாயிறு அப்படி நடந்தது, மூன்றாம் ஞாயிறு அவர் வரவில்லை. கிளறிற்றா மட்டும் வருவாள், தலையைக் குனிந்துகொண்டு வருவாள், அப்படியே போவாள்.

இந்த வருசம் அந்தோனியார் திருநாள் நெருங்கும்போது கிறிஸ்துராஜா பூசை முடிந்த கையோடு மைக்கை வாங்கினார். திருநாளுக்கு முன்னம் சுரூபம் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் பொலிசில் சொல்லுவேன் என்றார். பெயர் சொல்லவில்லை. சனம் எல்லாம் கிளறிற்றாவைத் திரும்பிப் பார்த்தது.

அன்று பின்னேரம் அவள் எனக்கு போன் எடுத்தாள். “டொலறஸ், என்ர மனுசன் எடுத்தவரோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாதடி” என்றாள். “கேட்டா வாய் திறக்கிறாரில்லை. இல்லை எண்டும் சொல்றாரில்லை. கள்ளன்ர பெண்சாதியாய்த்தான் நான் சாகப் போறனோ?”

இத்தனை வருசம் ஒன்றாகப் படுத்து எழும்பிய மனுசனைப் பற்றி ஒரு பெண் இப்படிக் கேட்க வேண்டி வந்ததே! கோபமும் வந்தது. என்ன மனுசன் இவர்? எடுத்தால் எடுத்தேன் என்று சொல்லட்டும், இல்லாவிட்டால் இல்லை என்று கத்தட்டும். அடுத்த ஞாயிறு நானே போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு ருமேனியர்களின் பூசைக்குப் போனேன். எல்லாரும் நிற்கிறார்கள். பாட்டுக்கு மேல் பாட்டு, சாம்பிராணிக்கு மேல் சாம்பிராணி. என் முழங்கால் என்னைத் திட்டியது. கஸ்பர் அண்ணை ஒரு தூணடியில் நின்றார். நான் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சனம் படங்களைப் பார்த்துக் கும்பிட்டது, அவர் படங்களைப் பார்க்கவில்லை. நடுக்கதவு திறந்து, நீளத் தாடி வைத்த பாதர் மிஹாய் உள்ளே நின்று கையை உயர்த்தினார். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். கஸ்பர் அண்ணை மட்டும் அவருடைய காலடியையே பார்த்துக்கொண்டு நின்றார். திரை மூடியதும் பெருமூச்சு விட்டார். ஆகா, விசயம் அங்கேதான் கிடக்குது என்று எனக்குப் பட்டது.

முடிந்ததும் ஒரு கிழவி சிரித்துக்கொண்டு என் கையில் ஒரு பாண் துண்டை வைத்தாள். நற்கருணையோ என்னவோ என்று பயந்து, தின்னவும் ஏலாமல் எறியவும் ஏலாமல் டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் போட்டேன். பிறகு வெளியே ஓடிப்போய் கஸ்பர் அண்ணையை வாசலில் மறித்தேன்.

“என்ன டொலறஸ், நீ இஞ்ச?”

“நான் வந்தது இருக்கட்டும். அந்தப் பாதரின்ர காலையே பாத்துக்கொண்டு நிண்டியள். காலடியில என்ன கிடக்குது?”

“சத்தம் போடாதை” என்றார்.

“போடுவன். உங்கட பெண்சாதி அங்க இருந்து அழுறாள். அந்தோனியாரை நீங்கள் எடுத்தனியளோ இல்லையோ?”

“எடுத்தனான்தான்.”

“எவனுக்கு வித்தனியள்?”

“விக்கிறதோ? அவரையோ?” அந்த மனுசன் குரலை உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு மெதுவாகச் சொன்னார். “உள்ளுக்குத்தான் இருக்கிறார். பீடத்துக்குக் கீழ, பழைய கிணத்துக்குள்ள.”

குறடு இல்லாமலே அன்று எல்லாம் வெளியே வந்தது. லொறி வருவதற்கு முதல் நாள் அவர் தனியாகப் போயிருக்கிறார். பலகையைத் தூக்கி, இரும்பு மூடியை நகர்த்தி, சுரூபத்தை மழைக்குப் போர்த்துகிற நீலத் தறப்பாளால் சுற்றிக் கட்டி, கயிற்றில் இறக்கிக் கிணற்றின் உள்விளிம்பில் வைத்துவிட்டு மூடிவிட்டார்.

“ஏன் அண்ணை? உங்களுக்கு என்ன விசரோ?”

“நீங்கள் மூண்டு பக்கமும் நிண்டு இழுத்தியள். மேலிடத்துக் கந்தோர்க்காரன் வந்து சாமானெல்லாத்தையும் லொறியில ஏத்துவம் எண்டான். எனக்கு ஊர் ஞாபகம் வந்திட்டுது. தொண்ணூறில ஆமி வருகுது எண்டு சனம் எல்லாம் வள்ளத்தில ஏறேக்குள்ள, நாங்கள் மூண்டு பேர் எங்கட கோயில் அந்தோனியாரைக் கடற்கரை மணலுக்குள்ள தாட்டுப்போட்டுத்தான் போனனாங்கள். பிறகு வந்து கிண்டி எடுத்தம். ஒரு கீறல் இல்லை டொலறஸ். ஒரு பெயின்ற் உரியேல்லை.”

“அது இடம்பெயர்வு அண்ணை. இது வித்தது. வித்த கோயிலுக்கு ஆர் திரும்பி வாறது?”

“விட்டிட்டுப் போறது எண்டா பிறகு திரும்பி வாறதுதானே எண்டு நினைச்சன்” என்றார். “இவங்கள் வந்து அதுக்கு முன்னால சுவரைக் கட்டுவாங்கள் எண்டு எனக்கு என்ன தெரியும்? அதுதான் வேலைக்கு வந்தனான். ஒரு நாளைக்கு உள்ளுக்க கூட்ட விடுவாங்கள், மெல்ல எடுக்கலாம் எண்டு. உள்ளுக்க மட்டும் விடுறாங்களில்லை.”

“அப்ப சிலுவையை மாத்திப் போடுறியளாமே?”

“அவையின்ர கோயிலில நிண்டா அவையை மாதிரிப் போடுறன். அதில என்ன?”

எனக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் இந்த மனுசனின் தலையில் குட்டலாம் போல் இருந்தது. ஆனால் கள்ளன் இல்லை! கிளறிற்றா கள்ளனின் பெண்சாதி இல்லை! அந்த நிமிசமே இதை லண்டன் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்த வேண்டும் போல் இருந்தது. நான் கிறிஸ்துராஜாவுக்கு போன் எடுத்தேன். “உடன வாங்கோ, சுரூபம் இருக்கிற இடம் தெரியும், உங்கட கண்ணாலேயே வந்து பாருங்கோ” என்றேன். கிளறிற்றாவுக்கும் சொன்னேன். கஸ்பர் அண்ணை வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்தார். நான் கேட்கவில்லை. நேரே பாதர் மிஹாயிடம் போனேன்.

அவர் கிழமை நாட்களில் டெலிவரி வான் ஓட்டுகிறவர், குருவானவருக்குரிய பவ்வியம் ஒன்றும் கிடையாது. நான் இங்கிலீசில் சொல்லச் சொல்ல என்னை மேலும் கீழும் பார்த்தார். “உங்களை வக்கீல் அனுப்பினாரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “கிணற்றுக்குள் என்ன? பணமா? பிணமா?” அந்தோனியார் என்றேன். தங்களிடமும் ஓர் அந்தோனியார் இருக்கிறார், அவர் பாலைவனத்து முனிவர், உங்களுடைய ஆளை எங்களுக்குத் தெரியாது என்றார். பிறகு கஸ்பர் அண்ணையைப் பார்த்து, “இதற்குத்தானா வேலைக்கு வந்தாய்? பழைய ஆட்கள் உளவு பார்க்க விட்டிருக்கிறார்கள் என்றல்லவா நினைத்தேன். அதனால்தான் உன்னை உள்ளே விடவில்லை” என்றார். எங்களுக்கு அவர்கள் மேல் சந்தேகம், அவர்களுக்கு எங்கள் மேல் சந்தேகம். நல்ல வேதம், இரண்டும்!

கிறிஸ்துராஜா வெம்பிளியிலிருந்து நாலு பேரோடு வந்து இறங்கினார். கிளறிற்றாவும் வந்தாள். பாதர் மிஹாய் எல்லாரையும் சுவருக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, தன்னுடைய ஆட்கள் இரண்டு பேரோடு உள்ளே போனார். பலகை கழற்றுகிற சத்தம் கேட்டது. இரும்பு உராய்ந்தது. கஸ்பர் அண்ணையின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு பாதர், நனைந்த அங்கியோடு, நீலத் தறப்பாள் மூட்டை ஒன்றைப் பிள்ளையைத் தூக்குவது போல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து கம்பளத்தில் வைத்தார். மூட்டையிலிருந்து தண்ணீர் வடிந்தது.

ஒருத்தன் கத்தியை நீட்டினான். கஸ்பர் அண்ணை அதை வாங்கவில்லை. முழந்தாளிட்டுக் கயிற்றை விரலால் தடவிப் பார்த்தார். அது வள்ளக்காரர் போடுகிற முடிச்சு. ஊறி இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து இழுத்துத்தான் அவிழ்த்தார். தறப்பாளை விரித்தார்.

ஐயோ, அதை எப்படிச் சொல்ல? கிணற்றில் தண்ணீர் ஏறி, தறப்பாளுக்குள்ளும் போயிருக்கிறது. முகம் இல்லை. பிளாஸ்டர்ச் சுரூபம்தானே, நனைந்து தேய்ந்த சவர்க்காரக் கட்டி மாதிரி அந்த இடம் மழுங்கிக் கிடந்தது. கையில் இருந்த குழந்தை இயேசு கழன்று விழுந்து, கம்பி மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. அங்கியின் மண்ணிறம் எல்லாம் வெள்ளைக் களியாகக் கரைந்திருந்தது. கிளறிற்றா வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலில் பேசியது கிறிஸ்துராஜா. “இது எங்கட அந்தோனியார் இல்லை” என்றார். நாங்கள் எல்லாரும் திரும்பினோம். “இவங்கள் மாத்திப் போட்டாங்கள். இவ்வளவு நாளும் இது இவங்கட காலடியில கிடந்திருக்குது, நல்லதை எடுத்து வித்துப்போட்டு ஏதோ உடைஞ்சதைக் கட்டி வைச்சிருக்கிறாங்கள்.” கூட வந்த நாலு பேரும் ஓம் ஓம் என்றார்கள். அவர் கஸ்பர் அண்ணைக்குப் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார். “அண்ணை, உங்களை நாங்கள் பிழையாய் நினைச்சிட்டம். நீங்கள் வைச்சது இதில்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன். வாற ஞாயிறு மைக்கில எல்லாருக்கும் சொல்லுவன்.”

பாதர் மிஹாய்க்குத் தமிழ் தெரியாது. நனைந்துபோய் நின்று ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று மட்டும் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

உண்மையைச் சொல்கிறேன், கஸ்பர் அண்ணை ஓம் என்று சொல்லட்டும் என்று நான் மனதார ஆசைப்பட்டேன். சொல்லுமன் மனுசா, ஒரு சொல்தானே, உனக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது. இந்தத் தாடிக்காரருக்கு எங்கள் சனம் என்ன சொன்னால் என்ன?

கஸ்பர் அண்ணை கையில் இருந்த கயிற்றைத் தூக்கிக் காட்டினார்.

“முடிச்சு என்ர” என்றார். “நான் கட்டின மாதிரியே கிடந்தது. ஒருத்தரும் தொடேல்லை. இவர்தான் அவர். கெடுத்தது நான்.”

“அண்ணை, யோசிச்சுக் கதையுங்கோ.”

“யோசிக்க என்ன கிடக்குது? கடற்கரை மணல் எண்டு நினைச்சுத் தண்ணிக்குள்ள வைச்சவன் நான். என்னை என்னவும் சொல்லுங்கோ. இந்த மனுசனைச் சொல்லாதேங்கோ, பாவம் வரும்.”

கிறிஸ்துராஜா தோளிலிருந்து கையை எடுத்தார். கஸ்பர் அண்ணை குழந்தை இயேசுவின் துண்டுகளைத் தறப்பாளுக்குள் தேடிப் பொறுக்கத் தொடங்கினார். பாதரும் என்ன ஏது என்று கேட்காமல் பக்கத்தில் குந்தி இருந்து பொறுக்கினார்.

கிளறிற்றா புருசனுக்கு முன்னால் வந்து நின்றாள். அழுகை இல்லை, கோபம்தான். “என்னட்டையாவது சொல்லியிருக்கலாம்தானே? இவ்வளவு நாளும் ஒரே வீட்டில இருந்தம். நான் ஆர் உங்களுக்கு?”

அவர் தலையை நிமிர்த்தவில்லை. “உனக்குத் தெரிஞ்சிருந்தா நீயும் பொய் சொல்ல வேண்டி வரும். ஊரில நாங்கள் மூண்டு பேர் தாட்டது. அதில ரெண்டு பேரை ஆமி பிடிச்சு, என்னத்தைத் தாட்டனியள், எங்க வைச்சனியள் எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சவங்கள். தெரியாதவையை விட்டிட்டாங்கள்.”

“கடவுளே! அது மன்னார். இது நோர்பரியப்பா. இஞ்ச ஆர் எங்களை வைச்சு விசாரிக்கப் போறாங்கள்?”

கஸ்பர் அண்ணை நிமிர்ந்தார். முதலில் கிறிஸ்துராஜாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் ஒன்றும் இல்லை.

“இஞ்சயும் விசாரிச்சவைதானே” என்றார்.